மூணு மாச அக்காவின் தையல் கடை

அவளுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருக்கத்தான் செய்கிறது. சம்பளப் பட்டியலில் அது பளிச்சென்று அச்சாகியிருக்கும். ஆனால் மருத்துவமனையின் இரண்டாவது மாடிக்கு வந்து அந்தப் பெயரைச் சொன்னால், ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். "மூணு மாச அக்கா எங்க?" என்று கேட்டால் போதும், தரை துடைக்கிறவர்கூட நிமிர்ந்து, வராந்தாவின் கடைசி அறையைக் காட்டிவிடுவார்.

கர்ப்பப்பையிலோ அதன் வாயிலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்து, கத்தி, கதிர்வீச்சு, மருந்து என்று எல்லாவற்றையும் தாண்டிப் பிழைத்து வீட்டுக்குப் போன பெண்களுக்கான அறை அது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா எல்லோருக்கும் சொல்கிற கடைசி வாக்கியம் ஒன்றுதான்: "மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போயிடணும்." இரண்டு வருடம் அப்படி. பிறகு ஐந்து வருடம் முடிகிறவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சொல்வது டாக்டரம்மா. வரவைப்பது அக்கா.

அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. பதினெட்டு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நின்ற நர்ஸ். இனி நிற்க முடியாது என்று முழங்கால்கள் இரண்டும் சொல்லிவிட்ட பிறகு, ஒரு நாற்காலியும் தொலைபேசியும் கனமான பதிவேடும் கொடுத்து அந்தக் கடைசி அறையில் உட்காரவைத்தார்கள். பாவம், கொஞ்சம் ஓய்வாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான் கொடுத்தார்கள். அங்கே போன பிறகுதான் அவளுக்கு மூச்சுவிட நேரமில்லாமல் போயிற்று.

நோயோடு வருகிற பெண்ணுடன் குடும்பமே வரும். குணமாகிவிட்டாலோ, அவளே தன்னை மறந்துவிடுவாள். மகனுக்குப் பரீட்சை, மருமகளுக்குப் பிரசவம், வீட்டுக்கு வெள்ளையடிப்பு என்று ஒவ்வொன்றாக முன்னால் வந்து நிற்கும். இது மறதி. மறதியைவிடப் பெரியது பயம். நன்றாகத்தானே இருக்கிறோம், போய் நின்றால் எதையாவது கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்களோ என்கிற பயம். அந்தப் பயத்தையும்விடப் பெரியது வெட்கம். அந்த இடத்தில் வந்த நோயை எந்தப் பெண் நாலு பேரிடம் வாய்விட்டுச் சொல்வாள்?

அக்கா வந்த புதிதில், வராதவர்களுக்கு மருத்துவமனை முத்திரை குத்திய உறையில் கடிதம் போகும். அப்படிப் போன ஒரு கடிதத்தை ஒரு பெண்ணின் நாத்தனார் பிரித்துப் படித்துவிட்டாள். தெரு முழுக்கத் தெரிந்துபோயிற்று. அந்தப் பெண் அவமானத்தில் இரண்டு வருடம் இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. திரும்ப வந்தபோது நோயும் கூடவே வந்திருந்தது. மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் பட்டு, நல்ல வேளையாக எழுந்து உட்கார்ந்தாள். அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க வேற யாராவதா இருந்து கூப்பிட்டிருந்தா நான் அன்னைக்கே வந்திருப்பேன் அக்கா."

அன்று சாயங்காலம் அக்கா மிச்சமிருந்த உறைகளை எல்லாம் கட்டி அலமாரியின் மேல்தட்டில் தூக்கிப் போட்டாள். பதிவேட்டில் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்து, புதிதாக ஒரு கட்டம் போட்டாள். அந்தக் கட்டத்துக்கு மேலே எழுதினாள்: 'யார் பேசுவதாகச் சொல்ல வேண்டும்.'

அதிலிருந்து, வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு பெண்ணிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பாள். ஒருத்தி நூலகம் என்றாள். அவளைக் கூப்பிட்டு, எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல வேண்டும். ஒருத்தி மூக்குக் கண்ணாடிக் கடை என்றாள். இன்னொருத்தி ஒன்றுவிட்ட தங்கை என்று எழுதச் சொல்லிவிட்டாள். அங்கே யார் எடுத்தாலும் பிள்ளைகளையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள் மட்டும், "எனக்கென்ன வெட்கம், ஆஸ்பத்திரின்னே சொல்லு. என் மருமக கொஞ்சம் பயந்து நடந்துக்கட்டும்" என்றாள்.

அக்காவுக்கு இந்த வேலை பிடித்துப்போயிற்று. கண்ணாடிக் கடைக்கு ஒரு குரல், நூலகத்துக்கு ஒரு குரல் என்று வைத்துக்கொண்டாள். பஸ் ஓட்டுகிற அவள் கணவர் வீட்டுக்கு வந்ததும் அவளைச் சீண்டாமல் இருக்க மாட்டார்.

"இன்னைக்கு எத்தனை பேரா இருந்தே?"

"பதினோரு பேர்."

"அதுல என் பொண்டாட்டி யாரு?"

"அவ இன்னைக்கு லீவு. சாப்பாட்டை நீங்களே எடுத்துப் போட்டுக்குங்க."

இப்படிச் சிரிப்பும் விளையாட்டுமாகப் போய்க்கொண்டிருந்த வேலையில், அவளைக் கலங்கடித்தது ஒரே ஒரு பெண்தான். எல்லோரும் அவளைக் கேக்கம்மா என்று கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தொன்று. கணவரை இழந்து ஒன்பது வருடம். ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் இருக்கும் பேக்கரியில் கேக்குக்கு மேலே பூவும் இலையும் எழுத்தும் போடுகிறவள். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. முதல் வருடம் மணி அடித்தது போல வந்தாள். வரும்போதெல்லாம் அட்டைப்பெட்டியில் கேக் வரும். டாக்டரம்மா சர்க்கரையைப் பற்றி ஒரு பாடம் எடுத்துவிட்டு இரண்டு துண்டு சாப்பிடுவார்.

கேக்கம்மாவின் கட்டத்தில் 'தையல் கடை' என்று எழுதியிருந்தது. வேலை நேரத்தில் அவள் கை முழுக்க க்ரீம் இருக்கும். போன் அடித்தால் பக்கத்தில் நிற்கிறவர் எடுத்துக் காதில் வைப்பார். சாப்பிடுகிற பொருளைச் செய்கிற கைக்கு இப்படி ஒரு நோய் இருந்தது என்று தெரிந்தால் யார் கேக் வாங்குவார்கள் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. அது ஒட்டுகிற நோயில்லை என்று டாக்டரம்மா நூறு தடவை சொல்லியும் அந்த நினைப்பு போகவில்லை. அதனால்தான் தையல் கடை. துணி தயார் என்றால் பரிசோதனை நாள் வந்துவிட்டது என்று அர்த்தம். அளவு பார்க்க வாருங்கள் என்றால் டாக்டரம்மா பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

கடைசியாக அவள் வந்தபோது, டாக்டரம்மா பரிசோதித்த இடத்தில் ஒரு சொரசொரப்பைக் கண்டார். பெரும்பாலும் கதிர்வீச்சு விட்டுப்போன வடுவாகத்தான் இருக்கும், ஆனாலும் மூன்று மாதத்தில் மறுபடி பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்லி, பதிவேட்டில் அவள் வரிக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டார்.

மூன்று மாதம் போய், ஆறு மாதம் போய், ஒன்பது மாதம் ஆயிற்று. கேக்கம்மா வரவில்லை. அக்கா கூப்பிட்டபோதெல்லாம், "இப்ப எனக்குத் துணி எதுவும் வேண்டாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பிறகு எடுப்பதையே நிறுத்திவிட்டாள். அந்தச் சொரசொரப்பு வெறும் வடுவாக இருந்தால் சரி. வேறு எதுவாகவாவது இருந்தால், தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் அவள் உயிரிலிருந்து பிடுங்கிக்கொள்கிற மாதம். அக்கா சாப்பிட உட்கார்ந்தாலும் அந்தச் சிவப்புக் கோடுதான் தட்டில் தெரிந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, மனசைத் தேற்றிக்கொண்டு மறுபடி எண்ணைப் போட்டாள். எடுத்தது ஆண் குரல். கேக்கம்மா கைவேலையாக இருப்பதாகவும், என்ன சேதி என்று சொன்னால் தான் சொல்லிவிடுவதாகவும் அந்தக் குரல் மரியாதையாகச் சொன்னது.

"தையல் கடையிலிருந்து பேசறேங்க. அவங்க துணி ரெடியா இருக்கு. வியாழக்கிழமை பத்து மணிக்கு அளவு பார்க்க வரச் சொல்லுங்க."

இதற்குமேல் ஒரு சொல்கூடப் பேசாமல் வைத்துவிட வேண்டும். அது அக்காவே தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். ஆனால் அந்தக் குரல், என்ன துணிங்க என்று கேட்டுவிட்டது. எந்தத் துணியென்றால் ஒரு பெண்ணால் தள்ளிப்போட முடியாது என்று அக்காவின் மூளை ஒரு நொடி ஓடியது. மூளைக்கு முன்னால் வாய் ஓடிவிட்டது.

"கல்யாண உடுப்புங்க."

 "கல்யாண உடுப்பா?" என்று அந்தக் குரல் மெதுவாகக் கேட்டது. மறுபடியும் கேட்டது. மூன்றாவது தடவை கேட்டபோது குரல் உடைந்திருந்தது. "அவங்களே வந்து தைக்கக் கொடுத்தாங்களா?"

இறங்கியாயிற்று, இனி என்ன என்று அக்கா துணிந்து, ஆமாம், அவங்களேதான் என்றாள். யாரோ நாற்காலியில் தொப்பென்று உட்காருகிற சத்தம் கேட்டது. "நீங்களும் உங்க கடையும் ரொம்ப நாள் நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் வைத்துவிட்டார். இத்தனை வருடத்தில் தையல் கடைக்கு இப்படி ஒரு வாழ்த்து கிடைத்ததே இல்லை. அக்கா பூரித்துப்போய் டீ குடிக்கப் போனாள்.

டீ ஆறுவதற்குள் போன் வந்தது. கேக்கம்மா. பேக்கரியின் பின்கட்டில் மாவு மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, கத்தவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் பேசினாள். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னதிலிருந்து அக்காவுக்கு விளங்கியது இதுதான்.

போனை எடுத்தவர் லிஃப்ட்காரர். அந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் லிஃப்டைப் பழுதுபார்க்கிறவர். மனைவி இல்லாதவர், நல்ல மனிதர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டிய லிஃப்டை, கேக்கம்மாவைப் பார்த்த நாளிலிருந்து வாரம் மூன்று தடவை வந்து பார்க்கிறார். ஆறு மாதத்துக்கு முன்னால், என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறாயா என்று கேட்டார். இவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பார்க்கலாம், பார்க்கலாம் என்றே ஓட்டிக்கொண்டிருந்தாள். இப்போது அவர், நேரில் சொல்ல வெட்கப்பட்டு இவள் ரகசியமாக உடுப்பே தைக்கக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, ஐந்து மாடிக்கும் பன் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். நாலாவது மாடி வக்கீல் இறங்கிவந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்.

"நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணேன் அக்கா?" என்றாள் கேக்கம்மா.

அக்கா மன்னிப்புக் கேட்டாள். அப்படியே தயங்கித் தயங்கி, உனக்கு அவரைப் பிடிக்கவில்லையா கண்ணு என்று கேட்டாள்.

கேக்கம்மாவின் குரல் தாழ்ந்தது. "பிடிச்சதாலதான் பயமா இருக்கு." அதோடு, நான் வர மாட்டேன், இனி கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அக்கா பதிவேட்டின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். காப்பாற்றப் போய்க் காரியத்தையே கெடுத்துவிட்டோமே என்று அழுகை முட்டியது. ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு அதே ஆண் குரல் மறுபடி கூப்பிட்டது. உடுப்பு என்ன நிறம் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டது. அவள் வரமாட்டேன் என்று வெட்கப்படுவதாகவும், தான் வேலைக்கு லீவு போட்டுவிட்டதாகவும், வியாழக்கிழமை தானே கூட்டிவருவதாகவும் சொன்னது. கடை எங்கே இருக்கிறது என்று கேட்டது. அக்கா அவசரத்தில், நிறம் சந்தனம் என்றாள். கடை பெரிய ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் இருக்கும் துணி அறை, பக்கவாட்டு வாசல் வழியாக வர வேண்டும் என்றாள்.

துணி அறை என்று ஒன்று இருந்தது உண்மை. அதில் ஒரு மாஸ்டர் தைத்துக்கொண்டிருந்ததும் உண்மை. சந்தன நிறத்தில் ஒரு கல்யாண உடுப்புதான் உலகத்திலேயே இல்லை.

பெரிய சிஸ்டரிடம் போய் நின்றாள் அக்கா. பெரிய சிஸ்டர் முழுவதையும் கேட்டுவிட்டு, நாம் நடத்துவது மருத்துவமனையா தையல் கடையா என்று கேட்டார். ஒரு பெண்ணின் ரகசியத்தை வைத்துக்கொண்டு இப்படியா விளையாடுவது என்று அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். பிறகு எழுந்துபோய், தன் பீரோவில் ஐந்து வருடமாகப் பிரிக்காமல் வைத்திருந்த சந்தன நிறப் பட்டுத்துணியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "அந்தப் பொண்ணு வந்தா சரி" என்றார்.

துணி அறை மாஸ்டர் இருபத்தாறு வருடமாகப் படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அங்கி இந்த மூன்றைத் தவிர வேறெதுவும் தைத்ததில்லை. பட்டைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அளவு வேண்டுமே என்றார். அளவுக்கா பஞ்சம்? கதிர்வீச்சு கொடுப்பதற்கு முன்னால் கேக்கம்மாவின் உடம்பை அங்குலம் அங்குலமாக அளந்து எழுதிய தாள் அவள் கோப்பில் பத்திரமாக இருந்தது. நர்ஸ்கள் யாரும் அதன் தேதியைப் பார்க்கவில்லை. மாஸ்டரிடம் வேண்டிய எண்களை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் தையல் மெஷின் வேறு எதற்கும் ஓடவில்லை. ஆண்கள் வார்டுக்குத் தலையணை உறை போகவில்லை என்று புகார் வந்தது.

வியாழக்கிழமை பத்து மணி ஆனது. பத்தே கால் ஆனது. அக்கா பதினைந்து தடவை வாசலைப் பார்த்தாள். பத்து இருபதுக்கு வராந்தாவின் அந்தக் கோடியில் செருப்புச் சத்தம் கேட்டது. கேக்கம்மா. லிஃப்ட்காரரைத் துணி அறையில் உட்காரவைத்துவிட்டு, அளவெடுக்கிற இடம் மாடியில் இருக்கிறது, அங்கே பெண்கள் மட்டும்தான் போகலாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். வந்தது பரிசோதனைக்கு அல்ல, அக்காவைத் திட்டுவதற்கு என்று முதல் வரியிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

அக்கா எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. திட்டும்மா, நல்லா திட்டு, இந்த எடை மெஷின்மேல நின்னுக்கிட்டே திட்டு என்றாள். கேக்கம்மா திட்டிக்கொண்டே மெஷினில் ஏறினாள். திட்டிக்கொண்டே கையை நீட்டினாள். அக்கா ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினாள். அழுத்தம் கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. "கோபத்துக்கு ஒரு பத்தைக் கழிச்சுக்கறேன்" என்று சொல்லி அக்கா எழுதிக்கொண்டாள். கேக்கம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்ததும், பின்னாலேயே அழுகையும் வந்துவிட்டது.

நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, ஒன்பது மாதமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். அந்தச் சொரசொரப்பைப் பற்றிப் பயம் இருந்தது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய பயம் வேறு.

"அந்தக் கரன்ட் வச்சதுக்கப்புறம் என் உடம்பு உள்ளுக்குள்ள மரக்கட்டை மாதிரி ஆயிடுச்சு அக்கா. என்னால ஒருத்தருக்குப் பொண்டாட்டியா இருக்க முடியுமா? இதை எந்த வாயால டாக்டரம்மாகிட்ட கேட்பேன்? கேட்டு, முடியாதுன்னு சொல்லிட்டா?"

அக்கா தன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "அட பைத்தியமே. இதைக் கேக்கத்தான் இந்த ரூமே இருக்கு. நோய் திரும்பிச்சான்னு பார்க்கறது பாதி வேலை. மீதிப் பாதி இதுதான்."

பிறகு ஒளிவுமறைவில்லாமல், அக்கா தங்கைக்குச் சொல்வது போலச் சொன்னாள். கதிர்வீச்சுக்குப் பிறகு அந்த வழி வறண்டுபோவதும் சுருங்குவதும் எல்லோருக்கும் நடப்பது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வறட்சிக்குப் பூசுகிற மருந்து இருக்கிறது. சுருங்காமல் இருக்க ஒரு சின்னக் கருவி இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை பத்து நிமிடம் பழகினால் போதும். எப்படி என்று நானே சொல்லித்தருகிறேன். கல்யாணத்துக்குப் பிறகு அவசரப்படாத மனிதராக இருந்தால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகும். இங்கே வருகிற பெண்களில் பாதிப் பேர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறார்கள். கேட்காத பாதிப் பேர்தான் வீட்டில் உட்கார்ந்து அழுகிறார்கள்.

கேக்கம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அவர் அவசரமே படாத ஆளு அக்கா. ஒரு ஸ்க்ரூவைக் கழட்ட ஒரு மணி நேரம் எடுத்துக்குவாரு" என்றாள்.

டாக்டரம்மா பரிசோதித்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். கேக்கம்மா அக்காவின் விரல்களை நசுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் டாக்டரம்மா கையுறையைக் கழற்றிவிட்டு, பார்த்தால் வடு போலத்தான் இருக்கிறது, சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் துளி சதை எடுத்திருக்கிறேன், அடுத்த வியாழக்கிழமை முடிவு வந்துவிடும் என்றார். ஒன்பது மாதம் ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்துவிட்டாள், அது போதும் என்பது போல முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

கீழே துணி அறையில் மாஸ்டர் உடுப்பை ஹாங்கரில் மாட்டி வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி நின்றார். லிஃப்ட்காரர் வாசலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தடுப்புத் திரைக்குப் பின்னால், விரிப்பு மூட்டைகளுக்கு நடுவே கேக்கம்மா உடுப்பைப் போட்டுப் பார்த்தாள். கையிரண்டும் நுழைந்தன. கழுத்து அழகாக உட்கார்ந்தது. பெரிய சிஸ்டர் பின்பக்கம் போனவர், அப்படியே நின்றுவிட்டார்.

மாஸ்டர் கைப்பழக்கத்தில் ஆபரேஷன் அங்கி மாதிரியே முதுகைத் திறந்து விட்டு, நாலு இடத்தில் நாடா வைத்துத் தைத்திருந்தார். அது போகட்டும். நாடாக்கள் ஒன்றையொன்று தொடவே இல்லை. நடுவில் ஒரு சாண் இடைவெளி. அக்கா இந்தப் பக்கம் இழுத்தாள், சிஸ்டர் அந்தப் பக்கம் இழுத்தார். துணி நகரவில்லை. மாஸ்டர் திரைக்கு வெளியே நின்று, சீட்டில் இருந்த அளவைத்தான் வெட்டினேன் என்று சத்தியம் செய்தார்.

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. அந்த அளவு கதிர்வீச்சுக்கு முன்னால், சோறு இறங்காமல் கேக்கம்மா எலும்பும் தோலுமாகக் கிடந்த மாதத்தில் எடுத்தது. அன்று எடை நாற்பத்து மூன்று. இன்று மேலே மெஷினில் அக்கா தன் கையாலேயே எழுதியது ஐம்பத்தேழு. காரணமில்லாமல் எடை குறைகிறதா என்பதுதான் வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் அந்த அறையில் கேட்கிற கேள்வி. பதினாலு கிலோ ஏறிய ஒரு பெண் அவள் முன்னால், பட்டு வெடிக்கும்படி நின்றுகொண்டிருந்தாள்.

"பதினாலு கிலோடி" என்றாள் அக்கா. அவள் யாரையும் 'டி' போட்டுப் பேசுகிறவள் இல்லை. அன்று வந்துவிட்டது. பெரிய சிஸ்டர் முதலில் சிரித்தார். கேக்கம்மா சிரித்தாள், அவள் சிரிக்கச் சிரிக்கத் தையல் ஒன்று விட்டது. அந்தச் சத்தத்துக்கு மூன்று பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய மூட்டைமேல் உட்கார்ந்து சிரித்தார்கள்.

வெளியிலிருந்து, ஏதாவது தப்பாகிவிட்டதா என்று லிஃப்ட்காரர் கவலையோடு கேட்டார்.

கேக்கம்மா சிரிப்பை நிறுத்தினாள். எழுந்து, உடுப்பின்மேல் ஒரு வெள்ளை விரிப்பைப் போர்த்திக்கொண்டு, அவரை உள்ளே கூப்பிட்டாள். மற்றவர்களைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொன்னாள். அக்காவும் சிஸ்டரும் மாஸ்டரும் விரிப்பு அடுக்குக்குப் பின்னால் போனார்கள். தங்கள் காதில் ஒன்றுமே விழவில்லை என்று மூன்று பேரும் இன்றுவரை சாதிக்கிறார்கள்.

"இது தையல் கடை இல்லைங்க" என்று ஆரம்பித்தாள் கேக்கம்மா. எந்த இடத்தில் என்ன நோய் வந்தது, என்னென்ன எடுத்தார்கள், இனிமேல் பிள்ளை பிறக்காது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இங்கே வந்து காட்ட வேண்டும், இன்று சதை எடுத்திருக்கிறார்கள், முடிவு நல்லதாகவும் வரலாம், கெட்டதாகவும் வரலாம் என்று எதையும் விடாமல் சொன்னாள்.  சொல்லி முடித்தபோது லிஃப்ட்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் சட்டென்று திரும்பி, ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டார்.

அடுக்குக்குப் பின்னாலிருந்து அக்கா எட்டி வாசலைப் பார்த்தாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கேக்கம்மா போர்த்தியிருந்த விரிப்பு தோளிலிருந்து நழுவியதுகூடத் தெரியாமல் நின்றாள். என் வாயால் வந்த வினை, ஒரு பெண்ணின் வாழ்க்கையை நடுத்தெருவில் நிறுத்திவிட்டேனே என்று அக்கா முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

லிஃப்ட்காரர் மூச்சு வாங்க ஓடிவந்தார். ஆம்புலன்ஸ் வரும் வழியில் தன் பைக்கை நிறுத்திவிட்டதாகவும், காவலாளி இழுத்துக்கொண்டு போவேன் என்று மிரட்டியதாகவும், நகர்த்தி வைத்துவிட்டு வந்ததாகவும் சொன்னார். பிறகு, எந்த இடத்தில் விட்டோம் என்று யோசிக்கிறவர் மாதிரி கொஞ்ச நேரம் நின்றார்.

"இதுக்கா ஆறு மாசம் என்னைக் காயப்போட்டே?" என்றார். "மூணு மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கணும், அவ்வளவுதானே. நான் லிஃப்ட்காரன். ஓடுற லிஃப்டைத்தான் மூணு மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கறோம். அடுத்த வியாழக்கிழமை என்ன வந்தாலும், அதை ரெண்டு பேரா பார்ப்போம்."

கேக்கம்மா சரி என்று தலையை ஆட்டினாள். அவர் தயங்கித் தயங்கி, முதுகில் ஏன் உடுப்பு திறந்திருக்கிறது என்று கேட்டார். அடுக்குக்குப் பின்னாலிருந்து மாஸ்டர், ரெண்டு பக்கமும் துணி சேர்த்துச் சரிபண்ணித் தருகிறேன் என்று குரல் கொடுத்தார்.

அடுத்த ஏழு நாள் அக்காவுக்கு ஏழு மாதமாகப் போயிற்று. வியாழக்கிழமை மத்தியானம் பன்னிரண்டரை மணிக்குத் தாள் வந்தது. டாக்டரம்மா படித்துவிட்டு அக்காவின் பக்கம் தள்ளினார். அக்கா படித்தாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். பிறகு எண்ணைப் போட்டாள்.

எடுத்தது லிஃப்ட்காரர். குரலைக் கேட்டதும், என்ன ஆச்சு, சொல்லுங்க என்றார். சொல்ல முடியாது, அவங்ககிட்டதான் சொல்லுவேன் என்றாள் அக்கா. அவர் கெஞ்சினார். அவள் மசியவில்லை, ஒருமுறை வாயைவிட்டுப் பட்டது போதும். அவர் ஓடுகிற சத்தம் கேட்டது. தட்டுகள் இடிபட்டன. யாரோ, பார்த்துப் போய்யா, க்ரீம், க்ரீம் என்று கத்தினார்கள்.

"அக்கா" என்றாள் கேக்கம்மா. "கை ரெண்டும் க்ரீமா இருக்கு, அவர்தான் போனைப் பிடிச்சிருக்காரு. சொல்லுங்க."

"வெறும் வடுதான் கண்ணு. ஒண்ணும் இல்ல. சுத்தமா ஒண்ணும் இல்ல."

 கேக்கம்மா அந்தச் சேதியைத் தன் வாயாலேயே அவரிடம் சொல்வது கேட்டது. அவர் மறுபடி சொல்லச் சொன்னார். அவள் மறுபடி சொன்னாள். அதற்குப் பிறகு போன் எங்கேயோ மாவுக்குள் விழுந்திருக்க வேண்டும்; சத்தங்கள் பஞ்சில் பொதிந்தது போலக் கேட்டன. இரண்டு பேரும் சிரிக்கிறார்களா அழுகிறார்களா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு பேக்கரியில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். யாரோ பெரிய கேக்கை எடுத்து வெட்டு என்றார்கள். அது ஆர்டர் கேக், அதில் யாரோ ஒரு குழந்தையின் பெயர் எழுதியிருக்கிறது என்று கேக்கம்மா தடுத்துக்கொண்டிருந்தாள்.

வராந்தாவில் அடுத்த பெண் காத்திருக்கிறாள் என்று டாக்டரம்மா வாசலில் வந்து நின்று சைகை காட்டினார். அக்கா, இதோ ஒரு நிமிஷம் என்று விரலை உயர்த்தினாள். ஒரு நிமிடம் ஆனது, மூன்று நிமிடம் ஆனது. அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.